புத்தகக் காட்சிக்கு இன்னும் ஓராண்டு

சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து நந்தனம் மைதானத்தில் கடைகளைப் பிரிக்கும் நாளில், எத்தனையோ பேர் மனதுக்குள் ஒரு கெடு வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த காட்சிக்குள் நம் புத்தகமும் அங்கே இருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மடிக்கணினியைத் திறக்கும் இல்லத்தரசி, கதை எழுதும் கல்லூரி மாணவர் என்று இந்த ஆசைக்கு வயதும் வேலையும் தடையில்லை. 1977இல் அண்ணா சாலையின் மதரஸா பள்ளியில் தொடங்கிய அந்தக் காட்சி, தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிப் புத்தாண்டையே உண்டாக்கிவிட்டது. அவர்களுடைய ஆண்டு ஒரு காட்சியில் தொடங்கி அடுத்த காட்சியில் முடிகிறது.

ஆசையில் பிழையில்லை. அதற்குப் போடும் கணக்கில்தான் பிழை. ஜனவரியில் வாங்கிய டைரியின் முதல் பக்கத்தில் "இந்த ஆண்டு ஒரு நாவல், பத்துச் சிறுகதை" என்று எழுதுகிறோம். பிப்ரவரி வரை வேகம் இருக்கிறது. பிறகு டைரி பால் கணக்குக்கும் கேஸ் பதிவு எண்ணுக்கும் போய்விடுகிறது. அக்டோபரில் திடீரென்று நினைவு வந்து, மூன்று மாத அவசரத்தில் எதையோ முடித்து அனுப்புகிறோம். ஆனால் ஒரு நூல் ஜனவரியில் கடைக்கு வரவேண்டுமென்றால், கைப்பிரதி ஆகஸ்ட், செப்டம்பரிலாவது பதிப்பாளர் கைக்குப் போயிருக்க வேண்டும். அவர் படிக்க வேண்டும், செம்மையாக்க வேண்டும், பக்கம் வடிவமைத்து இரண்டு முறையாவது மெய்ப்புப் பார்க்க வேண்டும், அட்டை தயாராக வேண்டும். டிசம்பர் அவசரத்தில் இதில் முதலில் விடுபடுவது செம்மையாக்கமும் மெய்ப்பும்தான். நல்ல கதையொன்று இருபது எழுத்துப்பிழையோடும், ஆறப்போட்டிருந்தால் தானாகவே நீங்கியிருக்கும் இரண்டு அத்தியாயங்களோடும் வாசகர் கைக்கு வருவது அதனால்தான். அப்படி வந்த புத்தகங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எழுதியவரிடம் திறமை இருந்தது, ஆண்டும் முழுசாக இருந்தது, இரண்டையும் சேர்க்கும் திட்டம் மட்டும் இல்லை.

இந்த ஆண்டு அந்தத் திட்டத்தை எப்படிப் போடலாம்?

வெண்முரசும் சிந்தாமணியும்

தமிழில் புத்தாண்டுத் தீர்மானம் என்றதும் எழுதுபவர்கள் பலருக்கும் நினைவு வருவது வெண்முரசு. 2014 ஜனவரி 1 அன்று ஜெயமோகன் மகாபாரதத்தை நாவல் வரிசையாகத் தன் இணையதளத்தில் எழுதத் தொடங்கினார். நாளுக்கு ஓர் அத்தியாயம். நாவல்களுக்கு நடுவே சிறிய இடைவெளிகள் விட்டு, 2020 ஜூலையில் அவர் முடித்தபோது 26 நாவல்கள் ஆகியிருந்தன. அதைப் பார்த்து "நானும் தினம் ஓர் அத்தியாயம்" என்று தொடங்கியவர்கள் உண்டு. அவர்கள் பார்க்கத் தவறியது 2014க்கு முந்தைய காலத்தை. அவருடைய முதல் நாவல் ரப்பர் 1990இலும், விஷ்ணுபுரம் 1997இலும் வந்துவிட்டன. கை அவ்வளவு பழகிய பிறகு எடுத்த முடிவு அது. இன்னொன்று, ஒவ்வொரு நாளும் அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருந்த வாசகர்கள். கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை வாரம் தவறாமல் எழுதியதற்குப் பின்னாலும் அந்தக் காத்திருப்பு இருந்தது. பத்திரிகை வெளியாகும் நாள் மாறாது. யாரும் காத்திராத அறையில் தனியாக எழுதத் தொடங்குகிறவருக்கு அந்த உந்துதல் கிடையாது. அவர் வேறு கணக்குத்தான் போட வேண்டும்.

அந்த வேறு கணக்குக்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு உ.வே.சாமிநாதையர். 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அந்த ஆண்டேதான் முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து நூல் அச்சாகி வெளிவந்த 1887 வரை ஏழு ஆண்டுகள். இந்த ஏழு ஆண்டும் அவர் முழுநேர ஆசிரியர். பகலில் வகுப்பு, மீதி நேரத்தில் ஏட்டுச்சுவடி. ஊருக்கு ஊர் போய்ப் பிரதிகள் தேடினார், பாடபேதம் ஒப்பிட்டார், நச்சினார்க்கினியர் உரையில் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சைனர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அடுத்து வந்த ஆண்டுகள். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. சிந்தாமணிக்கு ஏழு ஆண்டு எடுத்தவர், அடுத்த நூலை இரண்டே ஆண்டில் கொண்டுவந்தார். அந்த ஏழு ஆண்டில் பெரும்பகுதி அந்த வேலையையே அவர் கற்றுக்கொண்ட காலம். முதல் நாவலோ முதல் தொகுப்போ எழுதுகிறவர், கற்றுக்கொள்ளும் காலத்தையும் திட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். "இந்த ஆண்டு நாவலை முடிப்பேன்" என்பதைவிட "இந்த ஆண்டு இந்த நாவலின் முதல் வரைவை எழுதுவேன், அதற்காக இந்த எட்டு நூல்களைப் படிப்பேன்" என்பது நேர்மையான திட்டம். நிறைவேறக்கூடியதும்கூட.

நேரத்தை எண்ணுங்கள்

புத்தகங்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு நேரத்தை எண்ணுங்கள். வேலைக்குப் போகிற ஒருவர் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம் எழுத முடியும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 200 நிமிடம். ஆண்டுக்கு 52 வாரம் இருந்தாலும் கல்யாணம், காய்ச்சல், கணக்கு முடிக்கும் மார்ச், தீபாவளி எல்லாம் கழித்து 40 வாரம் என்று கொள்ளுங்கள். 8,000 நிமிடம், ஏறக்குறைய 133 மணி நேரம். யோசித்து எழுதுகிறவர் மணிக்கு 250 சொல் எழுதினால் 33,000 சொல். ஒரு சிறிய நாவலின் முதல் வரைவு கைக்கு வந்துவிடும்.

ஆனால் அந்த 40 வாரத்தையும் வரைவுக்கே கொடுத்துவிட்டால், அக்டோபர் அவசரம் மறுபடி வரும். பாதியைத் திருத்தத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படியானால் புதிதாக எழுதுவது 16,000 சொல்லுக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஐந்து சிறுகதைகள். டைரியில் எழுதிய "ஒரு நாவல், பத்துச் சிறுகதை"யோடு ஒப்பிட்டால் சிறிய எண்தான். ஆனால் ஆறப்போட்டு, திரும்பப் படித்து, இரண்டாம் முறை எழுதிய ஐந்து கதைகளோடு ஓர் ஆண்டை முடிக்கிறவர், தமிழில் எந்த இதழாசிரியரும் தேடிக்கொண்டிருக்கும் எழுத்தாளர். மௌனி தன் வாழ்நாளில் எழுதியது இரண்டு டஜன் கதைகள் அளவுதான். சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்கள் 1966, 1981, 1998 என்று வந்தன. எண்ணிக்கையை வைத்து அவர்களை யாரும் அளப்பதில்லை.

நம் கணிப்பு எவ்வளவு தவறும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1994இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில், பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே தவறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்ன கணக்கையும் தாண்டித்தான் ஆனது. ஆகவே நீங்கள் இரண்டு மாதம் என்று நினைப்பதற்கு மூன்றரை மாதம் ஒதுக்குங்கள்.

1999இல் அமெரிக்காவில் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களோடு சேர்ந்து 21 பேராகத் தொடங்கிய "நானோரைமோ" என்ற நாவல் சவால், ஒரே மாதத்தில் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667 சொல் என்ற இலக்கை உலகெங்கும் பரப்பியது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டுவிட்டாலும் அந்த எண் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் தமிழில் அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். ஆங்கிலம் மூன்று நான்கு சொல்லாகப் பிரித்துச் சொல்வதைத் தமிழ் உருபும் விகுதியும் சேர்த்து ஒரே சொல்லாக்கிவிடும். அதே கதைக்குத் தமிழில் சொற்கள் குறைவு. உங்கள் பழைய கதை ஒன்றை எடுத்து எண்ணிப்பாருங்கள். உங்கள் அளவுகோல் அதிலிருந்து வரட்டும்.

ஆடியும் மார்கழியும் நமக்கு

எழுத்துத் திட்டம் போடச் சொல்லித் தரும் ஆங்கில நூல்கள் ஆண்டைப் பன்னிரண்டு சம மாதங்களாகப் பார்க்கின்றன. நம் வீடுகளில் எந்த இரண்டு மாதமும் சமமாக இருப்பதில்லை. நாள்காட்டியை எதிரே வைத்துக்கொண்டு வீட்டு ஆண்டை முதலில் குறியுங்கள், எழுத்து ஆண்டு அதற்குள்ளிருந்து தெரிய வரும்.

தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்ச் மாதம் பெற்றோருக்கும் தேர்வு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஜனவரி முதல் தேதியில் தொடங்கினால் 66ஆம் நாள் மார்ச் முதல் வாரத்தில் விழுகிறது. பழக்கம் ஊன்றும் நேரத்தில் வீடு தேர்வில் இருக்கும். ஆகவே அந்த மாதத்தில் நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அறவே விடாதீர்கள். அந்த ஆய்வு சொன்ன ஆறுதலான செய்தி, ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்பது. தவறிய நாளை எண்ணி மனம் உடைந்து முழுவதும் விட்டுவிடுவதால்தான் கெடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

மே மாதத்தில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், உறவினர் வருவார்கள், வெயில் மதியத்தில் யோசிக்க விடாது. அந்த மாதத்தைப் படிக்கவும் குறிப்பெடுக்கவும் வையுங்கள். வைகாசி, ஆனி மறுபடி கல்யாணங்கள்.

பிறகு வருகிறது ஆடி. முகூர்த்தம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகள் நம் கையில். கோயில் ஒலிபெருக்கி உண்டுதான், ஆனாலும் ஆண்டின் நடுவில் இப்படி ஒரு மாதம் தொடர்ச்சியாகக் கிடைப்பது பெரிய வரம். முதல் வரைவை முடிக்க ஆடியைக் குறி வைக்கலாம். ஆடிப்பெருக்கு அன்றுதான் சிவகாசியில் அடுத்த ஆண்டு நாள்காட்டிகளின் ஆல்பம் வெளியாகிறது. காலண்டர் தொழிலே அன்று அடுத்த ஆண்டுக்குள் நுழைந்துவிடுகிறது. எழுதுகிறவரும் அன்று உட்கார்ந்து தன் திட்டத்தைப் பார்க்கலாம்: எவ்வளவு ஆயிற்று, எதைக் கைவிட வேண்டும், எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். கையிலுள்ள மூன்று வேலைகளில் ஒன்றை ஆடியில் கைவிட்டால் மற்ற இரண்டு பிழைக்கும். டிசம்பரில் கைவிட்டால் மூன்றும் போய்விடும்.

ஐப்பசி மழையும் தீபாவளியும் திருத்தத்துக்கு ஒத்துவரும். திருத்தத்தைத் துண்டு துண்டான நேரத்திலும் செய்ய முடியும், புதிதாக எழுதுவதற்குத்தான் நீண்ட நேரம் வேண்டும். இப்படித் திருத்தும் நூல் வரும் ஜனவரிக் காட்சிக்கு அல்ல, அதற்கடுத்த காட்சிக்குத்தான் போகும். மார்கழி ஆடியைப் போலவே முகூர்த்தமில்லாத மாதம், விடியற்காலையில் வீடே எழுந்திருக்கும் மாதம். அடுத்த நூலுக்கான யோசனையை அங்கே தொடங்கலாம்.

எழுத எடுத்துக்கொண்ட பொருளுக்கும் ஒரு பருவம் உண்டு. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை வைத்துக் கரிப்பு மணிகள் எழுதிய ராஜம் கிருஷ்ணன், அந்த மக்கள் நடுவே போய்ப் பார்த்துப் பேசித்தான் எழுதினார். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். உப்பளம் பற்றி எழுத நினைப்பவர் நவம்பரில் விடுமுறை எடுத்துப் போனால் தண்ணீரைத்தான் பார்ப்பார். நெல்லோ கரும்போ மீன்பிடியோ திருவிழாவோ, எதை எழுதப் போகிறீர்களோ அது நடக்கும் மாதத்தை ஜனவரியிலேயே விசாரித்து அலுவலக விடுப்பை அதற்கு வையுங்கள்.

காபி யார் கொண்டுவருவது?

நேரம் குறித்து எழுதுவதற்கு உலகம் காட்டும் முன்மாதிரி ஆந்தனி டிராலப். பிரிட்டனின் அஞ்சல் துறை அதிகாரி. விடியற்காலை 5.30க்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதிவிட்டு வேலைக்குப் போனவர். முதல் அரை மணி முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். இப்படி 47 நாவல்கள். இதையெல்லாம் அவர் தன்வரலாற்றில் விவரமாக எழுதியிருக்கிறார்.

அதே நூலில் அவர் சொல்லும் இன்னொரு செய்தியை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. அவரை அந்த நேரத்துக்கு எழுப்பிக் காபி கொடுக்க ஒரு வயதான குதிரைக்காரர் இருந்தார். அதற்காக ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று டிராலப் நன்றியோடு எழுதினார்.

"அதிகாலையில் எழுந்து எழுதுங்கள்" என்ற அறிவுரையைப் பெண்களிடம் சொல்லும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். நம் வீடுகளில் அவர்கள் ஏற்கெனவே எழுந்துதான் இருக்கிறார்கள். கோலமும் டிபன் பாக்ஸும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. கவிஞர் சல்மா துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல், இரவில் கழிப்பறைக்குள் நின்று எழுதியதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய இரண்டாம் ஜாமங்களின் கதை 2004இல் வந்தது. அந்த மனவுறுதியை வணங்கலாம். ஆனால் இன்னொரு பெண் அப்படி எழுத நேரக் கூடாது என்று நினைப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. எழுத்துத் திட்டத்தை டைரியில் ரகசியமாக வைக்காமல், முடிந்த வீடுகளிலெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னும் பேசிவிட வேண்டும். செவ்வாய், வியாழன் இரவு எட்டு முதல் ஒன்பது வரை அம்மா எழுதுவாள், அந்த நேரத்தில் பாத்திரமும் வீட்டுப்பாடமும் அப்பா பொறுப்பு. எழுதுகிற ஆண் இதே ஏற்பாட்டைத் திருப்பிச் செய்ய வேண்டும். தன் 40 நிமிடம் யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கு நோட்டு

எழுதியதைக் குறித்துவைக்கும் பழக்கம் எளியது, பலன் பெரியது. ஹெமிங்வே தினமும் எழுதிய சொல் எண்ணிக்கையை ஓர் அட்டையில் குறித்து வைத்திருந்தார். அதில் சில நாள் ஆயிரத்தைத் தாண்டும், சில நாள் ஐந்நூறுக்குள் நிற்கும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடுவது அவர் வழக்கம், மறுநாள் தொடங்கச் சிரமம் இருக்காது. நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போதே அதன் பின்பக்கம் அன்றைய எண்ணையும் எழுதிய நேரத்தையும் குறித்து ஒரு டப்பாவில் போட்டுவைத்தாலும் போதும். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், எந்தக் கிழமை நமக்கு ஓடுகிறது, எந்த நேரத்தில் எழுதியது நின்றது என்று தெரியவரும். செல்பேசியில் எழுதுகிறவர்கள் ஞாயிறுதோறும் கோப்பைத் தங்களுக்கே மின்னஞ்சல் செய்துவிடுங்கள். செல்பேசியோடு போன நாவல் திரும்பி வராது.

காத்திருக்கும் வாசகர் இல்லையே என்று மேலே சொன்னேன். ஒருவரையாவது உண்டாக்கிக்கொள்ளலாம். எழுதுகிற நண்பர் ஒருவரோடு வாரம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் பக்கங்களை மாற்றிக்கொள்வது போதும். கருத்துச் சொல்ல வேண்டியதில்லை, வந்ததா என்று கேட்டால் போதும்.

விருது, பரிசு, இதழில் வெளியாவது ஆகியவற்றை ஆண்டு இலக்காக எழுதாதீர்கள். அனுப்புவது மட்டும் நம் கையில். "நான்கு கதைகளை நான்கு இதழ்களுக்கு அனுப்புவேன்" என்று எழுதுங்கள்.

முதலில் எழுத வேண்டியது

பட்டியலில் எதை முதலில் வைப்பது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாவலும் கவிதையும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். உங்கள் பாட்டி, பெரியப்பா, ஊரின் கடைசித் தறிக்காரர், ஓய்வுபெற்ற ரயில்வே கேங்மேன் ஆகியோரிடம் கேட்டு எழுத வேண்டியவை காத்திருக்கமாட்டா. உ.வே.சா. தன் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940 ஜனவரியில், 85 வயதை நெருங்கும்போது. 122 அத்தியாயங்கள் எழுதினார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது முடியவில்லை, பிற்பாதி வாழ்க்கை எழுதப்படாமலே நின்றுவிட்டது. எழுதத் தெரிந்தவருக்கே இப்படி என்றால், எழுதாதவர்களின் நினைவுகள் நம் பொறுப்பு. கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். அதிலுள்ள பல சொற்களைப் பேசியவர்கள் இன்று இல்லை.

இதை இந்த மாதமே தொடங்குங்கள். செல்பேசியில் ஒலிப்பதிவைப் போடுங்கள். ஒரு வேளைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சுப்பா" என்று முடிந்துவிடும். "நீங்க வாக்கப்பட்டு வந்தப்போ இந்த வீட்ல அடுப்பு எங்க ஆச்சி இருந்துச்சு? விறகு யார் கொண்டாந்து போடுவாங்க? முதல் கூலி எவ்வளவு, அதுல என்ன வாங்குனீங்க?" என்று கேளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் பேசியவர் பெயரும் வையுங்கள். அன்று இரவே ஒரு முறை கேட்டு, ஊர்ப்பெயர், உறவுமுறை, புரியாத சொல் ஆகியவற்றை நோட்டில் குறித்துக்கொண்டு, மறுநாள் அவரிடமே போய்ச் சரிபாருங்கள்.